யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தால்தான் பயம்: சமீபத்திய த்ரில்லர், பேய், ஆக்‌ஷன் படங்கள்

1. நைட்ஷோ

சமீப வருடங்களில் வந்த த்ரில்லர், பேய்ப்படம், அடிதடிப் படம் மூன்றையும் சேர்த்தே பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். ஏனென்றால் மூன்றிலும் எனக்கு ஒரே விஷயம்தான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது, அல்லது கவிழ்க்கிறது. அது கதை இல்லை, ட்விஸ்ட் இல்லை, ஹீரோவும் இல்லை. யார் எங்கே நிற்கிறார், கதவு எந்தப் பக்கம், தப்பிக்க எத்தனை வழி என்பது எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் நானும் அந்த அறைக்குள் மாட்டிக்கொள்கிறேன். தெரியாவிட்டால் எவ்வளவு ரத்தம் தெறித்தாலும் வெறும் வேடிக்கைதான்.

கைதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 தீபாவளிக்கு பிகிலோடு வந்தது. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, ஒரே ராத்திரி என்று அப்போது எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் இன்றைக்குப் பார்த்தாலும் படம் நிற்பதற்கு இவை மட்டும் காரணம் இல்லை. லாரி எங்கே போகிறது, பின்னால் மயங்கிக் கிடப்பவர்கள் யார், துரத்துகிறவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது ஒவ்வொரு நிமிடமும் நமக்குத் தெளிவு. இன்னொரு பக்கம் கமிஷனர் அலுவலகம். புதிதாக மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் நெப்போலியன், உள்ளே மாட்டிக்கொண்ட கல்லூரிப் பிள்ளைகள், கீழே பூட்டி வைத்த போதைச் சரக்கு, வெளியே கும்பல். அந்த மனிதர் கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்துப் போட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும்போது, எந்தக் கதவு போனால் என்ன ஆகும் என்று தியேட்டரில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். ஜார்ஜ் மரியானுக்கு அன்றைக்கு விழுந்த கைதட்டல், கார்த்திக்கு விழுந்ததற்குக் குறைவு இல்லை. அவர் எதைக் காக்கிறார் என்று நமக்குத் தெரிந்ததால் வந்த கைதட்டல் அது.

அதே இயக்குநரின் லியோவில் காபிக் கடைச் சண்டை இந்தக் கணக்கில் பிரமாதம். இரவு நேரம், கடையைச் சாத்தப் போகிறார்கள், உள்ளே சின்ன மகள், வேலை செய்கிற பெண், சாக்லேட் காபி கேட்கிற ஒரு பைத்தியக்காரன். பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று கடைக்காரன் பார்த்திபன் (விஜய்) பார்க்கிறான். பின்னால் 'கரு கரு கருப்பாயி' ஓடுகிறது. யார் கையில் என்ன இருக்கிறது, மகள் எங்கே என்பது ஒரு நொடிகூடக் குழம்பவில்லை. அதே படத்தின் பின்பாதியில் ஃப்ளாஷ்பேக் வந்ததும் இந்த ஒழுங்கு போய்விடுகிறது. புகை, தீ, கூட்டம், ஸ்லோ மோஷன். யாரை யார் அடிக்கிறார்கள் என்று பார்ப்பதை என் கண் தானாகவே நிறுத்திவிட்டது.

2024 ஜூலையில் தியேட்டருக்கு வந்த இந்திப் படம் கில், ராஞ்சியிலிருந்து டெல்லி போகும் ரயிலுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நடைபாதையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும். இருபுறமும் திரைச்சீலை. மேல் பர்த்தில் ஆள் ஒளியலாம். கதவுப் பக்கத்தில் தீயணைப்பு உருளை. இவ்வளவையும் சண்டை சூடு பிடிப்பதற்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிடுகிறார் இயக்குநர் நிகில் நாகேஷ் பட். அப்புறம் படத்தின் பாதியில்தான் தலைப்பே வருகிறது. அந்த இடத்தில் தலைப்பைப் போட்டது சும்மா ஸ்டைலுக்கு இல்லை. அதுவரை தற்காப்புக்கு அடித்தவன் அதன் பிறகு கொல்லத் தொடங்குகிறான்.

உங்களுக்கு எந்தப் படத்தில் இப்படி இடம் மனதில் பதிந்தது, எதில் பதியவில்லை? ட்விஸ்டை உடைப்பதாக இருந்தால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

2. கடைசிவரிசை

அண்ணா, கைதி, கில் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாஸ் படத்துக்கு இந்த அளவுகோலை வைக்காதீர்கள். முதல் நாள் முதல் காட்சியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கதவு எந்தப் பக்கம் என்ற கவலை கிடையாது. ஆள் எப்போது திரும்புவான், மியூசிக் எப்போது ஏறும், அதுதான். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிற அந்த நொடிக்காகத்தான் அவன் டிக்கெட் எடுக்கிறான். அதுவும் ஒரு கலைதான். விக்ரம் படத்தின் இடைவேளையில் முகமூடி கழன்றபோது அந்த வீட்டில் எத்தனை அறை என்று யார் எண்ணினார்கள்?

மலையாள அடிதடிப் படம் மார்கோவும் எனக்குப் பிடித்தது. கதை ஒன்றும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வன்முறையை ஒளித்து வைக்காமல், வெட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று காட்டின துணிச்சல் பிடித்தது. நம் படங்களில் நூறு பேரை அடித்தாலும் ஹீரோ சட்டையில் கறை படாது. அதைவிட இது நேர்மை.

3. வாளையாறு

நான் பார்ப்பது பெரும்பாலும் பேய்ப்படங்கள், அதுவும் மலையாளம். நைட்ஷோ சொல்வது பேய்ப்படத்துக்குப் பாதிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பேய்ப்படம் முதலில் வீட்டை நமக்குப் பழக்கப்படுத்த வேண்டும், சரி. பயம் பிறப்பது அதற்கு அடுத்தபடியில். பழகின வீடு ஒரு சின்ன இடத்தில் தப்பாக நடந்துகொள்ள வேண்டும். யாவரும் நலம் 2009-ல் வந்தது. இன்றைக்கும் அதை மிஞ்ச ஆள் இல்லை. அதில் பேய் எங்கே வருகிறது? லிஃப்ட் எல்லோருக்கும் வேலை செய்கிறது, மாதவன் தனியாக ஏறினால் நகராது. வெளியே எடுத்தால் ஒழுங்காக விழுகிற செல்போன் படம், அந்த வீட்டுக்குள் எடுத்தால் முகம் கோணுகிறது. மத்தியானம் டிவியில் ஓடுகிற சீரியலில் இவர்கள் குடும்பக் கதையே வருகிறது. லிஃப்ட், போன், சீரியல் மூன்றும் நம் வீட்டிலும் இருப்பவை. படம் பார்த்த பிறகு பல வீடுகளில் டிவி சீரியலைப் பார்க்கும் விதமே மாறிப்போனது என்று சொன்னால் மிகை இல்லை.

மலையாள இயக்குநர் ராகுல் சதாசிவன் இதைத்தான் மறுபடி மறுபடி செய்கிறார். பூதகாலத்தில் ரேவதியும் ஷேன் நிகமும் இருக்கிற வாடகை வீட்டில் ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமே நடக்காது. அம்மாவுக்கு மன அழுத்தம், பையனுக்கு வேலை இல்லை, குடிக்கிறான், இருவருக்கும் இடையில் பேச்சு அறுந்து கிடக்கிறது. வீட்டில் ஏதோ இருக்கிறது என்று பையன் சொன்னால் அக்கம்பக்கம் அவனுக்குத்தான் புத்தி சரியில்லை என்கிறது. ஒரு வீட்டில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்பாமல் இருப்பதைவிடப் பெரிய பயம் எது? கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைப் பார்க்கிறபோது எனக்குப் பயத்தைவிட அழுகைதான் வந்தது.

பிரமயுகம் அப்படியே எதிர்த்திசை. பழைய மனை, மூன்றே மூன்று பேர், கறுப்பு வெள்ளை. வெளியே மழை. பாடகன் தேவன் உள்ளே நுழைந்ததும் வீட்டுக்காரர் போற்றி அவனுக்குச் சோறு போடுகிறார், பாடச் சொல்கிறார், பகடை ஆடக் கூப்பிடுகிறார். பணயம் வைக்கக் காசு இல்லாதவனிடம் அவன் காலத்தையே பணயமாக வைக்கச் சொல்கிறார். அதற்கு மேல் அந்த வீட்டில் எத்தனை வாசல் இருந்தால் என்ன? அவன் எங்கேயும் போக முடியாது. இங்கே இடத்தை அறிந்தது பயத்தைக் கூட்டவில்லை, போற்றிக்கும் சமையல்காரனுக்கும் நடுவில் தேவன் நிற்கிற நிலைதான் கூட்டியது. அதிகாரம் யார் கையில் என்பதுதான் அந்த வீட்டின் வரைபடம்.

2025 அக்டோபர் கடைசியில் வந்த டீயஸ் ஈரேயில் பழைய வீட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பணக்காரப் பையனின் நவீன பங்களாவுக்குப் போய்விட்டார். பேய்க்கு ஒட்டடை தேவையில்லை என்று காட்டினதே எனக்குப் பெரிய திருப்தி.

4. நைட்ஷோ

கடைசிவரிசை தம்பி, அந்த எழுச்சி எனக்கும் பிடிக்கும். ஆனால் நீங்கள் சொன்ன விக்ரம் இடைவேளையே என் பக்கம்தான் பேசுகிறது. முகமூடிக்காரர்கள் எதைத் தேடுகிறார்கள், ஃபகத் எவ்வளவு நெருங்கிவிட்டார் என்று அதுவரை கட்டிக்கொண்டு வந்ததால்தான் அங்கே விசில். வெறும் முகமூடியைக் கழற்றினால் விசில் வருமா?

மாஸ் படத்துக்கே உதாரணம் வேண்டும் என்றால் ஜான் விக் 4. பாரிஸில் சாக்ரே கேர் தேவாலயத்துக்கு ஏறுகிற படிக்கட்டு, 222 படி. சூரியன் உதிப்பதற்குள் மேலே போய்ச் சேர வேண்டும். வழியெல்லாம் ஆள். அடித்து அடித்து ஏறுகிறான், கிட்டத்தட்ட மேலே வந்துவிட்டான், அங்கிருந்து உதைத்துத் தள்ள அடிவரைக்கும் உருண்டு விழுகிறான். தியேட்டரே ஐயோ என்றது. மொத்தம் எத்தனை படி என்று யாரும் எண்ணவில்லை, ஆனால் எவ்வளவு தூரம் மறுபடி ஏற வேண்டும் என்று எல்லோர் முழங்காலுக்கும் தெரிந்தது. அந்தப் படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடுகிறது, அடிதான் நிறைய. எனக்குச் சலிக்காததற்கு இந்த மாதிரித் தெளிவுதான் காரணம்.

மார்கோ விஷயத்தில் உடன்பட மாட்டேன். ஒளிக்காமல் காட்டுவது நேர்மை என்றால், கில் படமும் ஒளிக்கவில்லை. ஆனால் அதில் செத்த கொள்ளைக்காரனுக்குப் பக்கத்தில் அவன் அண்ணன் தம்பி, சித்தப்பா எல்லோரும் உட்கார்ந்து அழுகிறார்கள். அங்கே நமக்கு வயிற்றைப் பிசைகிறது. மார்கோவில் குழந்தைகளைக்கூட விட்டு வைக்கவில்லை, ஆனால் அந்தக் குழந்தைகள் யார் என்று பத்து நிமிடமாவது நம்மோடு இருக்க விட்டார்களா? ஹீரோவுக்குக் கோபம் வருவதற்காக மட்டும் உயிரைப் பறிப்பதை நான் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன்.

வாளையாறு, அதிகாரம்தான் வரைபடம் என்று நீங்கள் எழுதியது நன்றாக இருக்கிறது. யோசிக்கிறேன்.

5. ஆபரேட்டர்_அறை

ஒரு தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டுகிறேன். ஊர் வேண்டாம். நீங்கள் எல்லோரும் இயக்குநரைப் பற்றியே பேசுகிறீர்கள். படத்தில் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் போவதற்குப் பாதி நேரம் காரணம் இயக்குநர் இல்லை, தியேட்டர்.

டிஜிட்டல் புரொஜெக்‌ஷனுக்கு என்று உலகம் முழுக்க ஓர் அளவு உண்டு. வெள்ளைத் திரையின் நடுவில் மீட்டரைக் காட்டினால் 14 ஃபுட்லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு) வர வேண்டும். படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்கிற கலரிஸ்ட் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் ராத்திரிக் காட்சியில் எவ்வளவு இருட்டு வைக்கலாம் என்று முடிவு செய்கிறார். நம் பக்கம் புரொஜெக்டரின் ஜெனான் விளக்கை அதன் ஆயுள் முடிந்த பிறகும் ஓட்டுகிறார்கள், மாற்றினால் பெரிய செலவு. எங்கள் அறைக்கும் அரங்கத்துக்கும் நடுவில் இருக்கிற போர்ட் கண்ணாடியில் தூசி. திரை வாங்கிப் பல வருடம் ஆகி மஞ்சள் பூத்திருக்கும். எல்லாம் சேர்ந்தால் வர வேண்டிய வெளிச்சத்தில் பாதிகூட வராது. பாட்டும் பகல் சண்டையும் அதிலேயே சமாளித்துவிடும். கைதி மாதிரி முழுக்க ராத்திரியில் எடுத்த படமோ, பிரமயுகம் மாதிரி விளக்கு வெளிச்சத்தில் நடக்கிற கறுப்பு வெள்ளைப் படமோ சமாளிக்காது. இருட்டில் நிற்கிற உருவம் இருட்டோடு கலந்துவிடும். அப்புறம் வெளியே வந்து 'ஒன்றுமே தெரியவில்லை, மோசமான கேமரா' என்பார்கள்.

சத்தமும் அப்படியே. சவுண்ட் பிராசஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடர் 7-ல் இருந்தால்தான் மிக்ஸிங் தியேட்டரில் கேட்ட அதே அளவு. ஆனால் இப்போது வருகிற படங்களில் பின்னணி இசை காதைக் கிழிக்கிறது. குழந்தையோடு வந்தவர் வந்து சத்தம் போடுவார், மேனேஜர் 5-க்கு இறக்கச் சொல்வார். இறக்கினால் இசை கொஞ்சம் குறையும், மெதுவாகப் பேசுகிற வசனம் காணாமல் போகும், பேய்ப்படத்தில் மாடியில் கேட்கிற காலடிச் சத்தம் ஏசி இரைச்சலுக்குள் போய்விடும். நான் ஒவ்வொரு படத்துக்கும் முதல் காட்சியில் அரங்கத்தின் நடுவில் போய் உட்கார்ந்து கேட்டுத்தான் அளவு வைப்பேன். பேய்ப்படத்துக்கு ஒருபோதும் 6-க்குக் கீழே இறக்க விட்டதில்லை, அதற்குச் சண்டை போட்டிருக்கிறேன்.

சத்தமாக மிக்ஸ் செய்வதால் நாங்கள் குறைக்கிறோம், நாங்கள் குறைப்போம் என்று தெரிந்து அவர்கள் இன்னும் சத்தமாக மிக்ஸ் செய்கிறார்கள். இதில் அடிபட்டுப் போவது மௌனம்தான். த்ரில்லருக்கு அதுதான் மூலதனம்.

6. மலைக்கோட்டை

ஆபரேட்டர் சார், உங்களைப் போல எல்லாத் தியேட்டரிலும் ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும். உங்கள் பதிவை என் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

நான் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். ராட்சசன், மகாராஜா இரண்டையும் பற்றிப் பேசுகிறேன். மகாராஜாவின் கடைசி முடிச்சை அவிழ்க்க மாட்டேன், ஆனால் அதன் பக்கத்தில் போவேன். பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

ராட்சசனில் எல்லோரும் அந்தப் பொம்மையையும் பியானோ இசையையும் கொலைகாரனின் முகத்தையும் சொல்வார்கள். எனக்கு இன்றுவரை மனதை விட்டுப் போகாதது அந்தக் கணக்கு வாத்தியார். பூட்டின அறை, பரீட்சைத் தாள், மார்க் என்கிற மிரட்டல். அதற்கு மேக்கப் வேண்டாம், இசை வேண்டாம். பள்ளிக்கூடம் போன எந்தப் பெண்ணுக்கும் அந்த அறை தெரியும். நைட்ஷோ சார் சொல்கிற 'இடம் தெரிய வேண்டும்' என்பது இங்கே வேறு அர்த்தம் எடுக்கிறது. படம் எங்களுக்கு அந்த இடத்தைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அதனால்தான் என் கேள்வி. ஏன் நம் த்ரில்லர்களில் பாதிக்கு மேல் ஒரு சின்னப் பெண்ணின் மேல் நடக்கும் கொடுமையை வைத்தே ஓடுகின்றன? மகாராஜா நன்றாக எழுதப்பட்ட படம். குப்பைத்தொட்டி காணாமல் போனது என்று ஒரு முடிதிருத்துபவர் ஸ்டேஷனில் வந்து உட்காருகிறார். போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், அவர் நகர மாட்டேன் என்கிறார். எத்தனை முறை கேட்டாலும் அதே கதையை அதே மாதிரி சொல்கிறார். விஜய் சேதுபதியின் 50-வது படம், அவருடைய நடிப்பில் இதுதான் உச்சம் என்பேன். ஆனால் கடைசி இருபது நிமிடம் நம்மை உலுக்குவதற்கு அந்தப் பெண்ணுக்கு நடந்ததை எப்போது சொல்வது, எவ்வளவு காட்டுவது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவளுடைய வேதனை ஓர் ஆணின் தண்டனைக்காகப் பயன்படுகிறது. அவள் பேசும் அந்த ஒரு காட்சி இல்லாவிட்டால் நான் பாதியிலேயே எழுந்து வந்திருப்பேன்.

போர் தொழில் இந்த விஷயத்தில் நல்ல படம். எங்கள் திருச்சிப் பக்கம் நடக்கிற கதை, 2023-ல் வந்தது. அதிலும் பெண்கள்தான் கொல்லப்படுகிறார்கள். ஆனால் கேமரா அவர்கள் உடம்பின் மேல் நின்று சாவைச் சுவைக்கவில்லை. பயப்படுகிற ஒரு சின்னப் போலீஸ்காரன், பயத்தை மறைக்கிற ஒரு பெரிய போலீஸ்காரன், இருவருக்கும் நடுவில் வழக்கு. அசோக் செல்வனின் பயத்தைக் கேலி செய்யாமல் மரியாதையோடு எழுதியிருக்கிறார் விக்னேஷ் ராஜா. சரத்பாபுவை அந்தப் பாத்திரத்தில் நடிக்க வைத்ததற்கே தனியாகப் பாராட்ட வேண்டும். அத்தனை வருடம் நாம் பார்த்துப் பழகின நல்ல மனிதர் முகம்.

7. கடைசிவரிசை

அக்கா, மகாராஜா பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் கொடுமையைக் காட்டாமல் அந்தக் கோபத்தை எப்படிக் கொண்டு வருவது? அப்பாவின் வலி நமக்குப் புரிய வேண்டாமா?

8. மலைக்கோட்டை

புரிய வேண்டும் தம்பி. ஆனால் வலி அவளுடையதா, அப்பாவுடையதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். கேம் ஓவர் பார்த்திருக்கிறீர்களா? அஷ்வின் சரவணன் எடுத்தது, 2019. தாப்ஸிக்கு இரண்டு காலும் உடைந்து சக்கர நாற்காலி. அவளுக்கு முன்பு நடந்த கொடுமை படம் முழுக்க இருக்கிறது, ஆனால் அதை நமக்குக் காட்சியாக விற்கவில்லை. இருட்டான அறைக்குள் போனால் அவளுக்கு மூச்சு முட்டும். அவ்வளவுதான் காட்டுகிறார்கள், போதும். கடைசியில் சண்டை போடுவதும் அவள்தான், கூட வினோதினி.

9. நைட்ஷோ

கேம் ஓவரைக் கொண்டு வந்ததற்கு நன்றி. வீட்டுக்குள் ஆட்கள் நுழைகிறார்கள், அவள் தோற்கிறாள், வீடியோ கேமில் வருகிற மாதிரி இன்னொரு உயிர் கிடைக்கிறது, மறுபடி அதே ராத்திரி. ஒவ்வொரு முறையும் அந்த வீட்டை நாமும் அவளோடு சேர்ந்து கற்றுக்கொள்கிறோம். எந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள், நாற்காலி எந்த இடத்தில் திரும்பாது, வெளி விளக்கு எப்போது அணையும். மூன்றாம் முறை அவள் ஜெயிக்கும்போது ஸ்கிரிப்ட் ஜெயிக்க வைக்கவில்லை, அந்த வீட்டை அறிந்தது ஜெயிக்க வைக்கிறது.

மகாராஜாவைப் பற்றி நீங்கள் எழுதியதோடு எனக்குச் சண்டை இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அதில் இயக்குநர் நிதிலன் மறைத்து வைப்பது காலத்தை, இடத்தை இல்லை. சலூன், ஸ்டேஷன், வீடு மூன்றும் நமக்கு நன்றாகப் பழகிவிடுகின்றன. எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதை மட்டும் கலைத்துப் போட்டிருக்கிறார். மலையாளப் படம் கிஷ்கிந்தா காண்டமும் இதே வேலையைச் செய்கிறது. காட்டோரத்து வீடு, குரங்குகள், காணாமல் போன துப்பாக்கி, ஞாபக மறதியை யாருக்கும் தெரியாமல் மறைக்கிற ஒரு பெரியவர். விஜயராகவன் அந்த வீட்டில் எதையோ எரிக்கிறார், எதையோ எழுதி வைக்கிறார். அவர் செய்கிற எல்லாம் நம் கண் முன்னால் நடக்கிறது. அர்த்தம்தான் கடைசியில் வருகிறது. ஒளித்து வைக்காமலே மர்மம் கட்ட முடியும் என்பதற்கு அதைவிட நல்ல படம் 2024-ல் நான் பார்க்கவில்லை.

10. வாளையாறு

ஆங்கிலத்தில் 2025-ல் வந்த இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்பாய்லர் கொஞ்சம் உண்டு.

சின்னர்ஸ். 1932, மிசிசிப்பி. இரட்டைச் சகோதரர்கள் பழைய மர ஆலை ஒன்றை வாங்கிக் கறுப்பின மக்களுக்கு இசைக்கூடம் திறக்கிறார்கள். ஒரே பகல், ஒரே இரவு. ரத்தக்காட்டேரிகள் வாசலுக்கு வந்துவிடுகின்றன, ஆனால் உள்ளே இருப்பவர் வாயால் அழைக்காமல் நுழைய முடியாது. ஆக மொத்தப் படமும் ஒரு நிலைப்படிதான். வெளியே நிற்பவன் தெரிந்தவன், நேற்றுவரை கூட வேலை செய்தவன், 'உள்ளே வரச் சொல்லேன்' என்று சிரித்துக்கொண்டே கேட்கிறான். நைட்ஷோ சொன்ன கதவும் நான் சொன்ன அதிகாரமும் இங்கே ஒன்றாகிவிட்டன. அந்தக் கூடம் இவர்கள் சொந்தமாக வாங்கின இடம். அதற்குள் யாரை விடுவது என்று முடிவு செய்வது அவர்களுக்கு வாழ்நாளில் கிடைக்காத உரிமை. அதனால்தான் கடைசியில் கோபத்தில் ஒருத்தி வாய்விட்டு அழைத்துவிடும்போது நெஞ்சு நின்றுவிடுகிறது.

வெப்பன்ஸ். ராத்திரி 2:17 மணிக்கு ஒரே வகுப்பில் படிக்கிற 17 குழந்தைகள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு, கைகளை இரண்டு பக்கமும் விரித்தபடி இருட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள். ஓர் அப்பா இரண்டு வீட்டு வாசல் கேமராப் பதிவுகளை வாங்கி, எந்தத் திசையில் ஓடினார்கள் என்று ஊர் வரைபடத்தில் கோடு இழுத்துப் பார்க்கிறார். இரண்டு கோடும் ஓர் இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. சத்தமே இல்லாத காட்சி, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. போலீஸ் ஏன் இதைச் செய்யவில்லை என்று தோன்றத்தான் செய்தது, அது படத்தின் ஓட்டைதான். ஆனால் அந்த நேரத்தில் அது பெரிதாகப் படவில்லை.

இந்திப் பேய்ப்படம் தும்பாடும் 2024 செப்டம்பரில் மறுபடி தியேட்டருக்கு வந்தது. முதல் வெளியீட்டில் தவறவிட்டவர்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். மாவால் போட்ட வட்டம் ஒன்று, அதைத் தாண்டி ஹஸ்தர் என்கிற பூதத்தால் வர முடியாது. வட்டத்துக்குள் நிற்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் பேராசையின் அளவு. மறுவெளியீட்டில் ஓடின அந்தப் படத்தைப் பார்த்த பிறகாவது, நம் ஆட்கள் அரண்மனை மாதிரி ஐந்து, ஆறு என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போகாமல் ஒரு புதுப் பேயை யோசிக்கலாம்.

11. ஆபரேட்டர்_அறை

வீர தீர சூரன் பற்றி யாரும் பேசவில்லையே? 2025 மார்ச் 27. கோர்ட்டு விவகாரத்தால் காலைக் காட்சிகள் ரத்தாகி, மாலையில்தான் படமே ஓடியது. படம் எங்கள் சர்வரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, திறப்பதற்கான டிஜிட்டல் சாவி வரவில்லை. வெளியே கூட்டம் நிற்கிறது. அப்படி ஒரு நாள் கெட்டும்கூட அந்தப் படம் வாய்மொழியிலேயே எழுந்து நின்றது.

மதுரைப் பக்கம் ஒரு திருவிழா ராத்திரி. ஒரு மளிகைக் கடைக்காரன், அவனுடைய பழைய முதலாளி, பழி தீர்க்கக் காத்திருக்கிற எஸ்பி. கடைக்காரனாக வருகிற நடிகர் விக்ரம் தரைக்குள் கண்ணிவெடி புதைக்கிற காட்சியில் நான் அறைக் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்க்காமல் ஆட்களைத்தான் பார்த்தேன். ஒருவர்கூட போனை எடுக்கவில்லை. வெடி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, யார் மிதிக்கப் போகிறார்கள் என்பதுதான் மிச்சம். கடைசியில் ஒரே ஷாட்டாக நீண்டு போகிற சண்டையிலும் யார் எங்கே என்று குழப்பமே இல்லை. இயக்குநர் எஸ். யூ. அருண் குமாருக்கும் ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வருக்கும் கைகுலுக்க வேண்டும்.

12. கடைசிவரிசை

சார், இரண்டாம் பாதி ஃப்ளாஷ்பேக் அந்த டென்ஷனைக் கொன்றுவிட்டது. வெடியைப் புதைத்துவிட்டுப் பழைய கதைக்குப் போனால் எப்படி? எங்கள் பக்கம் பலர் அப்போதுதான் கேன்டீனுக்குப் போனார்கள்.

மார்கோவை விட்டுக்கொடுக்க மாட்டேன், நைட்ஷோ அண்ணா. ஆனால் அந்தக் குழந்தைகளோடு பத்து நிமிடம் இருந்தோமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

13. மலைக்கோட்டை

இன்னொன்று கேட்க வேண்டும். 'ஏ' சான்றிதழ் வாங்கின படத்துக்குக் கைக்குழந்தையோடு வருகிறவர்களை ஏன் உள்ளே விடுகிறார்கள்? இப்போது யு/ஏ-வையும் 7, 13, 16 என்று வயது போட்டுப் பிரித்துவிட்டார்கள். டிக்கெட்டில் அச்சடிக்கிறார்கள், வாசலில் யாரும் பார்ப்பதில்லை. ராட்சசன் பார்க்கப் போனபோது எனக்குப் பின்வரிசையில் ஆறேழு வயதுப் பெண் குழந்தை இருந்தது. அந்த வாத்தியார் காட்சியில் அது அம்மாவிடம் 'ஏன் கதவைப் பூட்டுறார்' என்று கேட்டது.

14. ஆபரேட்டர்_அறை

வாசலில் நிற்பவர் நாள் சம்பளத்துக்கு வந்த பையன் அம்மா. குடும்பத்தோடு வந்து டிக்கெட்டைக் காட்டிச் சத்தம் போடுகிற ஆளைத் தடுத்தால் மேனேஜர் அவனைத்தான் திட்டுவார். 'ஏ' படத்துக்கு நான் கீழே இறங்கி வந்து வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். திருப்பி அனுப்பினால் பணத்தை யார் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டுக்குக் கவுன்டரில் பணம் திருப்பித் தருவதில்லை. அந்த ஒரு விதியை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். டிக்கெட் விற்கும்போதே வயதைக் கேட்டு, பொய் சொன்னால் பணம் கிடையாது என்று முன்கூட்டியே பெரிதாகப் போட வேண்டும்.

15. நைட்ஷோ

ஃப்ளாஷ்பேக் விஷயத்தில் கடைசிவரிசை சொல்வதுதான் சரி. வீர தீர சூரனை நான் இருமுறை பார்த்தேன், இரண்டு முறையும் அங்கேதான் படம் என்னை விட்டு நகர்ந்தது. கைதியில் கார்த்தி நடித்த டில்லி தன் பழைய கதையை லாரியில் உட்கார்ந்து வாயால் சொல்கிறான், படம் பின்னால் போகவே இல்லை. அந்த ராத்திரியும் லாரியும் கைவிட்டுப் போகவில்லை. இங்கேயும் சுராஜிடமோ மனைவியிடமோ நாலு வரியில் சொல்லியிருந்தால் போதும், வெடி மண்ணுக்குள் காத்துக்கொண்டே இருந்திருக்கும்.

வாளையாறு சொன்ன அதிகாரத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பிரமயுகத்தை நேற்று இரவு மறுபடி போட்டுப் பார்த்தேன். போற்றி உட்காரும் இடம் பெரும்பாலும் மாறுவதில்லை, தேவன்தான் திண்ணை, கூடம், அடுக்களை என்று அலைகிறான். சமையல்காரன் போற்றியின் கண்ணுக்கு எட்டாத மூலைகளில் மட்டும்தான் வாய் திறந்து பேசுகிறான். எனக்கு இடமாகவும் உங்களுக்கு அதிகாரமாகவும் தெரிவது அந்த வீட்டில் ஒரே கோட்டில்தான் ஓடுகிறது. ஆனால் அந்த மூலைகள் எங்கே என்று முதலில் காட்டியிருக்காவிட்டால் உங்களுக்கும் அந்த அதிகாரம் தெரிந்திருக்காது என்பேன்.

அடுத்து பூதகாலம். மலைக்கோட்டை, நீங்களும் பார்த்துவிட்டு வாருங்கள், அந்த அம்மா பாத்திரத்தைப் பற்றி உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது.